நாம எந்த நாடு?



"உனக்கு எந்த ஊருப்பா?" என்று கேட்டால் டக்கென்று சொல்லி விடுகிறோம். "எந்த நாடு?" என்று கேட்டால், "இதென்ன கேள்வி, இந்தியாதான்!" என்போம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதற்குப் பதில் வேறு.

தொண்டை நாடு, நடுநாடு, சோழ நாடு, பாண்டிய நாடு, கொங்கு நாடு என்று அன்றைக்கு வழங்கினார்கள். தேவாரப் பாடல் பெற்ற 274 தலங்களையும் இந்தக் கணக்கில்தான் பிரித்திருக்கிறார்கள். நம்ம அண்ணாமலையார் கோயில் நடுநாட்டின் 22 தலங்களில் ஒன்று. வடக்கே தொண்டை நாடு, தெற்கே சோழ நாடு, நடுவில் இருப்பது நடுநாடு! ஆனால் இதே மாவட்டத்துச் செய்யாறு திருவோத்தூரோ தொண்டை நாட்டுத் தலம். ஹாஸ்டலில் ஒரே ரூமில் ரெண்டு நாட்டுக்காரர்கள் இருக்கிறோம், தெரியுமா?

இந்தப் பிரிவுகள் எப்படி வந்தன? சேர, சோழ, பாண்டியர் பெயரால் வந்தவை சில. ஆனால் அடியில் இருந்தது தண்ணீர். ஓர் ஆறு, ஏரி, அதை நம்பிப் பயிர் செய்த ஊர்கள்: இவை சேர்ந்ததே சோழர் கல்வெட்டுகளில் வரும் சிறு 'நாடு' என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்கு மேல் வளநாடு, மண்டலம் என்பதெல்லாம் அரசர்கள் வைத்த பெயர்கள். ராஜா மாறினால் பெயரும் மாறும். தொண்டை நாட்டுக்கே ஜெயங்கொண்ட சோழ மண்டலம் என்று பெயர் வைத்தார்கள்!

சீனாவிலும் இதே கதைதான். ஹெபெய் என்றால் ஆற்றுக்கு வடக்கு, ஹெனான் என்றால் ஆற்றுக்குத் தெற்கு. ஆறு என்பது மஞ்சள் ஆறு. பழைய சீன நூலொன்று நாட்டை ஒன்பது பகுதிகளாகப் பிரிப்பதும் மலை, ஆறுகளை வைத்தே.

நமது நடுநாட்டுக்கு உயிர் தென்பெண்ணை. மலையமான் ஆண்ட திருக்கோவலூர் அதன் கரையில்தான். இன்று அந்த நடுநாடு திருவண்ணாமலை (1989), விழுப்புரம், கடலூர் (1993), கள்ளக்குறிச்சி (2019) என்று பல மாவட்டங்களில் கிடக்கிறது. கோடு போட்டாச்சு; ஆற்றுக்கு அது தெரியுமா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழையில் நம்ம சாத்தனூர் அணை நிரம்பித் தண்ணீர் திறந்தபோது, வெள்ளத்தில் தவித்தது கீழே உள்ள விழுப்புரமும் கடலூரும்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் கையில் லெவல் கருவியும் வரைபடமும் இருக்கும். மாவட்ட எல்லையோடு வரைபடத்தை மடித்து விடாதீர்கள். எல்லைக்கு அப்பால் ஆறு எங்கே போகிறது என்றும் பாருங்கள். அங்கே இருப்பவரும் நம்ம நாட்டுக்காரர்தான்!