கடற்கரையில் காலை ஒளி பொன்னாவது ஏன்?

சென்னை போன்றதொரு கீழைக் கடற்கரை நகரத்தில் புகைப்படத்துக்கு ரம்மியமான ஸ்தலம் தேடுவோர், இடத்தின் அழகைக் காட்டிலும் சூரியன் நிற்கும் திசையையே முதலில் விசாரிக்க வேண்டும். உதயகாலத்துக் கிரணங்கள், உச்சிப்பொழுதில் கடப்பதைப்போல் ஏறக்குறைய 38 மடங்கு காற்றை ஊடுருவி வரவேண்டியிருப்பதால், அலைநீளம் குறைந்த நீல ஒளி வழியிலேயே சிதறிப்போக, செம்மையும் பொன்மையுமே நம்மை வந்தடைகின்றன; பிற்காலத்தில் ராலே பிரபு என விளங்கிய ஆங்கில விஞ்ஞானி 1871-ல் விளக்கிய நியதி இது.

ஆகையால், மெரினாவில் அதிகாலையில் கடலைப் பின்புலமாக்கி ஒருவரை நிறுத்தினால், ஒளி முதுகில் விழுந்து முகம் கருநிழலாகிவிடும். அவரையே கடல் நோக்கித் திருப்பி, பின்னால் 1879-ல் கட்டி முடிந்த செனட் மாளிகை தெரியுமாறு எடுத்தால், முகமும் செங்கற்சுவரும் ஒருங்கே சுடர்விடும்.

பெசன்ட் நகரில், பிறர் உயிரைக் காக்க முயன்று 1930-ல் கடலில் மூழ்கிய கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் இருக்கிறது. அதன் வெண்சுவர் ஒளியைத் திருப்பி வீசி, முகத்து நிழல்களை மென்மையாக்கும். தியாகத்தின் சின்னமாதலால், அங்கே பணிவோடு நிற்பதே முறை.

மாலையிலோ கதிரவன் நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னே இறங்குவதால், கடலையும் முகத்தையும் சேர்த்துப் பிடிக்க விரும்புவோர் அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னரே வந்துவிட வேண்டும்.