கந்தல் அணிந்த கோமாளி

சர்க்கஸ் கோமாளி என்றதும் வெள்ளை பூசிய முகமும், பளபளக்கும் உடையும், வாய்கொள்ளாச் சிரிப்புமே நம் கண்முன் தோன்றும். இவற்றுள் ஒன்றுமின்றிப் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் அமெரிக்க நாட்டு எம்மெட் கெல்லி.

1898ஆம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த கெல்லி, இளமையில் கேலிச்சித்திரம் வரைந்தவர். அவர் தீட்டிய உருவங்களுள் ஒன்று, ஊர் ஊராக அலையும் ஒரு நாடோடி. பின்னர்ச் சர்க்கஸில் சேர்ந்து அந்தரத்தில் ஊஞ்சலாடினார். வெள்ளைமுகக் கோமாளியாகவும் நடித்தார். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் எண்ணற்றோர் வேலையிழந்து நின்ற 1930களில்தான், தாம் வரைந்த நாடோடியாகவே அரங்கில் இறங்கினார். ‘வெயரி வில்லி’ என்பது அவன் பெயர்; சோர்ந்துபோன வில்லி என்று பொருள்.

அவன் கோலத்தைச் சற்று உற்று நோக்குங்கள். நசுங்கிய தொப்பி, கிழிந்த மேற்சட்டை, அளவுக்கு மிஞ்சிய பூட்ஸ், சிவந்த மூக்கு, பல நாள் மழிக்காததுபோல் கருமை பூசிய தாடை, சோகமே உருவான வாய். அவன் பேசுவதில்லை, சிரிப்பதுமில்லை. ஏழையின் கந்தலைக் கண்டு நகைப்பது முறையோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அக்கந்தலுக்கு நடுவிலும் அவன் கழுத்தில் ஒரு டை தொங்கியதைக் கவனியுங்கள். மானத்தை அவன் கைவிடவில்லை.

ஒரு வேர்க்கடலையை உடைக்கப் பெருஞ்சம்மட்டியை ஓங்குவான், கடலை தூளாகிவிடும். தரையில் விழும் விளக்கின் ஒளிவட்டத்தைத் துடைப்பத்தால் பெருக்குவான். அது சுருங்கச் சுருங்க, விடாமல் கூட்டிக் கூட்டி, முடிவில் ஒளியையே இல்லாமலாக்கிவிடுவான். மக்கள் நகைத்தது கந்தலைக் கண்டன்று. ஆகாத வேலையை அத்துணைப் பொறுப்போடு செய்த அந்த முகத்தைக் கண்டே என்பது என் கருத்து.

1942இல் அவர் புகழ்மிக்க ரிங்லிங் சகோதரர்கள் சர்க்கஸில் சேர்ந்தார். 1944 ஜூலை 6ஆம் நாள், ஹார்ட்போர்டு நகரில் பகற்காட்சியின்போது கூடாரம் தீப்பற்றியது. மழைநீர் புகாதிருக்கத் துணியில் பாரபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். சில நிமிடங்களில் கூடாரம் எரிந்து வீழ்ந்தது. 160க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அன்று எடுத்த புகைப்படம் ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. அதில் கெல்லி, வில்லியின் வேடத்தைக் களையவும் நேரமின்றி, அந்தப் பெரிய பூட்ஸுடன், ஒரு வாளித் தண்ணீரைச் சுமந்து விரைகிறார்.

அதன் பின்னும் 1956 வரை அக்குழுவில் வில்லியாக நடித்தார். 1979இல் காலமானார்.