கடலைக் காக்க விழைவோர் கற்கத்தக்க சில நூல்கள்

நம் பழைய மாணவர் சங்கம் பவள விழாக் காணும் இவ்வேளையில், அவ்விழாவின் பெயரைச் சற்றே சிந்தித்தல் நன்று. 25 ஆம் ஆண்டை வெள்ளியாலும் 50 ஆம் ஆண்டைப் பொன்னாலும் குறித்த நம்மவர், 75 ஆம் ஆண்டுக்குப் பெயர் தேடிக் கடலிடம் சென்றனர். பவளம் கடல்வாழ் சிற்றுயிர்கள் கட்டிய கூடு. முத்தும் அங்கேயே பிறப்பது. நம் ஆலயங்களில் முழங்கும் சங்கும் அங்கிருந்தே வருவது. இவ்வளவும் தந்த கடலுக்கு அருகே வாழும் நம்மிற் பலர், அதனைப் பற்றி ஒரு நூலையேனும் முற்றக் கற்றிலோம். ஆதலின் இம்மலரிலே, கடலையும் கரையையும் காத்தல் பற்றி மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் படிக்கத்தக்க நூல்கள் சிலவற்றை எடுத்துரைக்க முற்பட்டோம்.

கடலைக் காக்க நூல் எதற்கு என்று சிலர் வினவலாம். காடு ஒன்று அழியின் அதன் வெறுமை கண்ணுக்குப் புலனாகின்றது. கடலடியில் ஒரு முருகைக்கற்பார் இறந்துபட்டாலும், கடற்புல் வெளி ஒன்று கிழித்தெறியப்பட்டாலும், மேலே நீர் முன்போலவே நீலமாய் விளங்குகின்றது. கண் காணாததைக் காட்டுவது கல்வியே. அக்கல்வியை நான்கு படிகளாக வகுத்துக்கொள்ளலாம்: முதலிற் கடலின்பாற் காதல்; அடுத்து நம் கடலைப் பற்றிய அறிவு; பின்னர் இழப்பின் வரலாறு; ஈற்றிலே, காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் ஆராய்ச்சி.

முதற்படிக்கு உரிய ஆசிரியர் அமெரிக்க நாட்டு றேச்சல் கார்சன் அம்மையார். 'நம்மைச் சூழ்ந்த கடல்' எனப் பொருள்படும் 'த சீ எறவுண்ட் அஸ்' என்ற அவர் நூல் 1951 இல் வெளிவந்தது. அலை எவ்வாறு எழுகின்றது, பேராழத்தில் எவ்வுயிர்கள் வாழ்கின்றன, நீரோட்டங்கள் நாடுகளின் தட்பவெப்பத்தை எங்ஙனம் ஆள்கின்றன என்பவற்றை அறிவியற் பிழையின்றியும் இலக்கியச் சுவையோடும் கூறுவது அது. 1955 இல் வந்த 'த எட்ஜ் ஒவ் த சீ' என்னும் நூலோ பாறைக் கரை, மணற் கரை, முருகைக் கரை ஆகியவற்றில் வாழும் உயிர்களைக் காட்டுகின்றது. இளைஞர் ஒருவர் முதலிற் படிக்க வேண்டுவது இதுவே என்பது நம் கருத்து. அறிவு வளருந்தோறும் பழைய நூல்களிற் சில பகுதிகள் வழக்கொழியும். சந்திரன் பசிபிக் சமுத்திரத்திலிருந்து பிரிந்து சென்றதென்று அவர் எடுத்துரைத்த கொள்கையை இன்று அறிஞர் ஏற்பதில்லை. எனினும் 1961 ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையிலே, கதிர்வீச்சுக் கழிவுகளைக் கடலிற் கொட்டுதல் தகாதென்று அவர் விடுத்த எச்சரிக்கை சிறிதும் பழைமை எய்தவில்லை. 2021 இலே கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கப்பல் தீப்பற்றியபோது, அதிலிருந்த பிளாத்திக்குச் சிறுமணிகள் நம் நாட்டுக் கரைகளிலே குவிந்ததைக் கண்டோர்க்கு அவ்வெச்சரிக்கையின் பொருள் விளங்கும்.

இரண்டாம் படியிலே நம் கடலுக்கு வருவோம். மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பிப் பார்களை ஆராய 1902 இல் இலங்கைக்கு வந்த பேராசிரியர் ஹேட்மன் என்பார், ஜேம்ஸ் ஹோனெலின் துணையோடு எழுதிய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியாயிற்று. பெரிய பார், சேவல் பார் எனத் தமிழ்ப் பெயர்களாலேயே அறியப்பட்ட அப்பார்களில் சிப்பிக் குஞ்சுகள் கோடிக்கணக்கிற் படிந்து, பின்னர் ஒருங்கே மறைந்துபோவதன் காரணத்தை அவர்கள் தேடினர். பெரிய பார் ஆழ்கடலை நோக்கிக் கிடத்தலால், பருவக்காற்றுக் காலத்து அலைகள் ஆங்குள்ள குஞ்சுகளை அழித்துவிடுகின்றன எனவும், அவற்றை முன்னரே எடுத்துக் காப்பான பார்களில் இடுதல் வேண்டும் எனவும் ஹேட்மன் கூறினார்.

இவ்வறிக்கையோடு சேர்த்துப் படிக்கத்தக்கது லெனாட் வுல்ஃப் எழுதி 1961 இல் வெளியான 'குறோயிங்' என்னும் வாழ்க்கை வரலாறு. யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் வகித்த அவர், 1906 இலே மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை மேற்பார்க்கச் சென்றவர். மணற்கரையில் திடீரெனத் தோன்றிய பெருநகரையும், அழுகும் சிப்பியின் நாற்றத்தையும், தமிழரும் அராபியருமான குளியாட்களையும் கண்முன் நிறுத்துகின்றார். அதே ஆண்டிலே முத்துக்குளிப்பு உரிமை 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பனிக்கு வழங்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பார்கள் வெறுமையாயின, கம்பனியும் கலைந்தது. சிறந்த அறிக்கை கையில் இருந்தும் கடல் கணக்குக்கு அடங்கவில்லை. கடல் வயலன்று, விதைத்தவன் அறுப்பான் என்னும் உறுதி அங்கில்லை என்பது இவ்விரு நூல்களும் சேர்ந்து புகட்டும் பாடம்.

மூன்றாவதாக, ஆதர் சீ. கிளார்க் 1957 இல் வெளியிட்ட 'த றீவ்ஸ் ஒவ் தப்றொபேன்' என்னும் நூலைக் குறிப்பிடுவோம். நம் தீவைச் சூழ்ந்த முருகைக்கற்பார்களில் மூழ்கிய அனுபவத்தை அது கூறுகின்றது. திருகோணமலையிற் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைச் சுவாமிமலையின் அடிவாரத்துக் கடலிலே கண்ட பகுதி, சைவ மக்களாகிய நம் நெஞ்சை உருக்க வல்லது. ஆயினும் அந்நூலை வேறொரு நோக்கோடும் படித்தல் வேண்டும். அவர் கண்ட பார்கள் இன்று அந்நிலையில் இல்லை.

காரணம் கூறுவோம். முருகை உயிரின் உடலுள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து உணவு ஆக்கி அளிக்கின்றன. அதன் நிறமும் பெரும்பாலும் அவற்றாலாயது. கடல்நீர் வழக்கத்திலும் ஓரிரு பாகை மிகுதியாய்ச் சில கிழமைகள் சூடேறி நின்றால், அவ்வுயிர் பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகின்றது. சூடு தணியாவிடின் இறக்கின்றது. 1998 இல் இந்து சமுத்திரம் எங்கணும் இவ்வழிவு நேர்ந்தபோது ஹிக்கடுவைப் பார் பெரிதும் சிதைந்தது. இதற்கு முன்னரே, சுண்ணாம்பு சுடுவதற்காகத் தென்மேற்குக் கரையோரத்தில் முருகைக்கற்கள் பெருவாரியாகப் பெயர்க்கப்பட்டு வந்தன. 2004 மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்த பின் அக்கரையை ஆராய்ந்தோர், பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் வெள்ளம் சிறிது தூரமே புகுந்ததையும், கல் பெயர்க்கப்பட்ட பெரலியாப் பகுதியில் அது நெடுந்தூரம் பாய்ந்ததையும் எடுத்துக்காட்டினர். பெரலியாவிலே புகையிரதம் ஒன்று கவிழ்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையின் அமைப்பு முதலிய பிற காரணங்களும் உண்டெனினும், பார் என்பது கடலே கட்டிய அணை என்னும் உண்மையை இதனினும் தெளிவாய் உணர்த்த இயலாது.

மூன்றாம் படி இழப்பின் வரலாறு. இங்கிலாந்து தேசத்துக் கல்லம் றொபேட்ஸ் 2007 இல் எழுதிய 'த அன்னாச்சுறல் ஹிஸ்ரறி ஒவ் த சீ' என்னும் நூலும், மார்க் கெர்லான்ஸ்கி 1997 இல் எழுதிய 'கொட்' என்னும் நூலும் இதற்குரியன. பெருங்கடலின் மீன்வளம் வற்றாதது என்று 1883 இலே இலண்டன் மாநகரில் அறிஞர் ஹக்ஸ்லி உரைத்தார். அவர் எடுத்துக்காட்டிய மீன்களுள் ஒன்று கொட் மீன். ஒரு நூற்றாண்டு சென்று சிலவாண்டுகளில், 1992 யூலை மாதத்திலே, கனடா அரசு நியூபவுண்லாந்தின் கொட் மீன்பிடியை நிறுத்தியது. பல்லாயிரவர் ஒரே நாளில் தொழிலிழந்தனர். 32 ஆண்டுகள் கழிந்து 2024 இலேயே அத்தடை நீக்கப்பட்டது. இது எவரோ அயலார் கதையென எண்ணற்க. 1986 ஆவணியிலே உயிர்காப்புத் தோணிகளில் அக்கடலில் மிதந்த நம்மவர் 155 பேரைக் கண்டு கரைசேர்த்தோர் அந்நாட்டு மீனவரே. நம்மவர்க்கு உயிர் தந்த அக்கரை, ஆறே ஆண்டுகளில் தன் வாழ்வை இழந்தது.

றொபேட்ஸ் விரித்துரைக்கும் கருத்து ஒன்று பழைய மாணவர்க்கு மிகவும் வேண்டற்பாலது. 1995 இல் டானியல் போலி என்னும் அறிஞர் முதலில் எடுத்துரைத்தது அது. ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையிற் கண்ட கடலையே இயல்பான கடல் எனக் கொள்கின்றது. தந்தை கண்டது பாட்டன் கண்டதிலும் குறைவு. மகன் காண்பது அதனினும் குறைவு. ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் வாழ்நாளுட் குறைந்ததையே இழப்பென எண்ணுதலால், முழு இழப்பு எவர்க்கும் தெரிவதில்லை. நம் வடகரையிலோ இம்மறதி இரட்டிப்பானது. போர்க்காலத்திலே பல கிராமத்தவர் கரையைவிட்டு அகற்றப்பட்டனர். பிள்ளைகள் கடலைக் காணாமலே வளர்ந்தனர். மீண்டு வந்தோர்க்கு, முன்பு யாது இருந்தது என்று கூற முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர்.

நான்காம் படியிலே இரண்டு ஆக்கங்களை அடுத்தடுத்துப் படித்தல் வேண்டும். 1968 இல் கறெட் ஹாடின், பொதுவான மேய்ச்சல் நிலம் ஒவ்வொருவர் பேராசையாலும் அழிந்தே தீரும் என்று ஒரு கட்டுரையில் வாதித்தார். 1990 இல் எலினோர் ஒஸ்ற்றொம் அம்மையார் 'கவேனிங் த கொமன்ஸ்' என்னும் நூலில், அது எங்கும் அவ்வாறன்று, மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காத்த இடங்கள் பலவுண்டு என நிறுவினார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற் பெண்மணி இவரே. நம் நாட்டுத் தென்கரையிலுள்ள மாவெல்லைக் கரைவலைத் தொழிலையும் அவர் ஆராய்ந்துள்ளார். அங்கே வலை வளைப்பதற்கு முறை வைத்து, நல்ல துறையும் நல்ல நேரமும் எல்லோர்க்கும் கிட்டுமாறு செய்திருந்தனர். ஆயினும் வலைகளின் தொகைக்கு வரம்பிடும் விதி நிறைவேற்றப்படாமையால் வலைகள் மலிந்து, அவரவர் பங்கு சுருங்கிற்று. விதி இருந்தாற் போதாது. அதனைக் காக்கும் வலிமையும் அவ்வூரவர்க்கு வேண்டும் என்பது அவர் முடிபு.

பாக்கு நீரிணையின் இன்றைய துயரை இவ்வொளியிலே நோக்குக. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடியை 2017 இல் நம் பாராளுமன்றம் தடைசெய்தது. இழுவைமடி மீனை மாத்திரம் எடுப்பதில்லை. மீன் குஞ்சுகள் வளரும் கடற்புல்லையும், அதனை மேயும் கடற்பசுவின் உணவையும் சேர்த்தே வாருகின்றது. அக்கரையிலிருந்து வருவோரும் தமிழரே, வலையிழந்து நிற்போரும் தமிழரே. பகைமொழி பேசுமுன் ஒஸ்ற்றொமின் நூலை இருகரையாரும் படித்தல் நன்று.

இவையாவும் ஆங்கில நூல்கள் அல்லவா, தமிழில் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. நெய்தல் என ஒரு திணையே வகுத்த மொழி நம்முடையது. இக்காலத்திலே ஜோ டி குரூஸ் 2004 இல் எழுதிய 'ஆழி சூழ் உலகு', 2009 இல் எழுதிச் சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்ற 'கொற்கை' ஆகிய நாவல்கள், தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர் வாழ்வையும் அவர்தம் கடலறிவையும் அவர் மொழியிலேயே கூறுகின்றன. ஆனால் நம் களப்புக்களையும் கண்டற்காடுகளையும் பற்றி, பாடசாலை மாணவன் கையில் ஏந்திச் சென்று கரையிலுள்ள உயிரை இனங்காணத் துணைசெய்யும் தமிழ் நூல்கள் பெருகுதல் வேண்டும்.

அதற்கு வித்திடும் பணியை நம் கல்லூரியே தொடங்கலாம். மேற்சொன்ன நூல்கள் நம் நூலகத்தில் ஒரே தட்டில் இடம்பெறுதல் வேண்டும். பழைய மாணவர் ஆளுக்கு ஒன்றாக வாங்கியளித்தால் ஒரு மாதத்தில் அத்தட்டு நிறையும். அத்தட்டின் முதலில் எழுதாத ஏடு ஒன்றை வைப்போம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தத்தம் ஊர்க் கடற்றொழிலாளப் பெரியோரை அணுகி, முன்பு எம்மீன் எப்பருவத்தில் எத்துறையிற் பட்டது, கண்டல் எவ்வளவு தூரம் அடர்ந்திருந்தது, எம்மீன் இன்று பெயரளவில் நிற்கின்றது என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லையே ஆண்டும் ஊரும் குறித்து அவ்வேட்டில் எழுதுவாராக. கரையோரத்தைக் காக்க 1981 இலேயே நம் நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. காக்கப்பட வேண்டியது முன்பு எவ்வாறிருந்தது எனச் சான்று கூறுவோர் இல்லையாயின் சட்டமும் வழி தெரியாது தடுமாறும்.

இப்பெரியோர் நெடுங்காலம் நம்முடன் இரார். அவர்கள் நினைவு அவர்களோடு மறைவதற்கு முன்னர் அவ்வேடு நிறைதல் வேண்டும். நூறாம் ஆண்டு விழாவிலே நம் மாணவர் அதனைத் திறந்து படிக்கும்பொழுது, அதிற் கூறிய மீன்களுட் சிலவேனும் கரையிலே துள்ளக் காண்பாராக.