யார்கிட்டயும் சொல்லிராதீங்க, பூதகணம் வெந்துகிட்டிருக்கு!

கதவைச் சாத்திட்டு வாங்க. கொலு வைக்கிற அன்றைக்குத்தான் அத்தைக்கு இது தெரிய வேண்டும். கட்டிலுக்கு அடியில் இருக்கிற அட்டைப்பெட்டியை இழுங்க… மெதுவா!

பார்த்தீங்களா? சுவர்! ஓரடி நீளம், ஒரு சாண் உயரம். மேலே வளைந்து இறங்குகிற கூரை விளிம்பு, அதான் கொடுங்கை; அதில் லாட வடிவில் குட்டிக் குட்டிக் கூடுகள், அதற்குக் கீழே தொந்தியும் தொப்பையுமாகப் பூதகணங்கள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தளவு.

வினை ஆரம்பித்தது கழுகுமலையில். கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த வெட்டுவான் கோயில். மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியைப் பார்க்கத்தான் எல்லாரும் அண்ணாந்து நிற்பார்கள். நான் கொடுங்கைக்கு அடியில் இருக்கிற அந்தக் குள்ளப் பயல்களிடம் மாட்டிக்கொண்டேன். இவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போனால் என்ன?

முதலில் நம்ம கரிசல் மண்ணிலேயே பிடித்துப் பார்த்தேன். ஆச்சி சிரித்தாள். “ஏட்டி, காடே வெடிச்சுக் கெடக்கு, ஒன் பொம்மை மட்டும் வெடிக்காதாக்கும்?” அப்படியே ஆயிற்று. தண்ணீர் குடித்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற மண் அது. மறுநாள் காலையில் என் பூதகணத்துக்குத் தலை தனி, தொந்தி தனி.

அப்புறம்தான் பாலிமர் களிமண். பெயரில்தான் மண். உண்மையில் தண்ணிக்குழாய் செய்கிற பி.வி.சி.யின் தூளும், அதை இளக்கி வைக்கிற ஒரு திரவமும். தண்ணீரே கிடையாது, காய்ந்து வெடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் தூள் ஒன்றோடொன்று பிடித்து இறுகிவிடும். ஒரே தொல்லை, நம்ம ஊர் வெக்கை. கை பட்டதும் வெண்ணெயாகக் குழைகிறது. அதனால் என் கணங்கள் எல்லாரும் வேலைக்கு நடுவில் பத்து நிமிடம் பிரிட்ஜில் மாவுச்சட்டிக்குப் பக்கத்தில் ஓய்வெடுப்பார்கள், நல்லா மூடின டப்பாவுக்குள்.

இப்போ கொடுங்கை ரகசியம். காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்று. அதன் ஓரத்தில் கொடுங்கையின் வளைவை வெட்டிக்கொண்டேன். அலுமினியத் தாளை உருட்டி, மேலே களிமண்ணைப் போர்த்தி, அட்டையை ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, வளைவு வெட்டிய தகரத்தை இழுத்து விளிம்பு எடுத்தார்களே, அதே வித்தை. கை நடுங்கினால் கொடுங்கை பாம்பாகிவிடும். நான்கு பாம்பு பிறந்த பிறகு ஒரு கொடுங்கை பிறந்தது!

கூட்டுக்குப் பேனா மூடி. வரிக்கும் புள்ளிக்கும் நம்ம ஊர் ஆயுதமேதான்: மருந்து முக்காத தீக்குச்சி. ஒரு முனை சதுரம், மறு முனையைச் சீவினால் உளி.

பூதங்களில் மூன்றை மட்டும் கையால் செய்து சுட்டேன். இரண்டு வண்ண சிலிகோன் உருண்டைகளைச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து அவற்றின் மேல் அமுக்கினால், சற்று நேரத்தில் அச்சு தயார். அச்சுக்குள் துளி சோளமாவு தூவி, களிமண்ணை அழுத்தி எடுத்தால் மூன்று பேர் பதினைந்து பேர். எல்லாம் ஒரே முகமாக இருக்குமே? இளக்கமாக இருக்கும்போதே குண்டூசியால் ஒருத்தனுக்குத் தலையைச் சாய்த்தேன், ஒருத்தனுக்குக் கையைத் தூக்கினேன். பதினைந்தும் பதினைந்து போக்கிரிகள்!

முதல் ஈடு கருகிப்போனதையும் சொல்லிவிடுகிறேன். அடுப்புக் குமிழ் 130 என்றது. உள்ளே சூடு அதைத் தாண்டியிருந்தது. முறுக்கு நிறம், மூக்கை எரிக்கிற நெடி. பி.வி.சி. கருகினால் வருகிற புகை நல்லதில்லை. அன்றிலிருந்து ஜன்னல் திறந்திருக்கும், அடுப்புக்குள் தனி வெப்பமானி, சமையலுக்குத் தொடாத தனித் தட்டு.

வெந்து வந்தபோது மனசு விட்டுப்போயிற்று. வெள்ளை வெளேரென்று பிறந்தநாள் கேக் மாதிரி! அக்ரிலிக் பெயிண்டில் கருங்காப்பி நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து, மேலே பூசி, உடனே துணியால் துடைத்தேன். மேடு வெளுத்தது, பள்ளம் கறுத்தது. பதினைந்து பேருக்கும் கண் திறந்தது! கழுகுமலையில் வெயில் தருகிற நிழலை, டியூப்லைட்டுக்கு அடியில் நானேதான் தர வேண்டும்.

சுவரின் அடிப்பகுதி ஏன் மொழுக்கென்று இருக்கிறது என்கிறீர்களா? அதை அப்படியேதான் விடப்போகிறேன். வெட்டுவான் கோயிலிலும் மேலே அத்தனை நுணுக்கம், கீழே முடியாத பாறை. அத்தை கேட்டால் பதில் தயார்: “பாண்டியன் வேலையே ஆயிரத்து இருநூறு வருசமா பாக்கி இருக்கு, அத்தை.”

மணி அடிக்குது பாருங்க. கடைசி ஈடு வெந்தாச்சு! பெட்டியை உள்ளே தள்ளுங்க, அத்தை வர்ற சத்தம்…