மலிவிதழ்களும் அன்பர் ஏடுகளும்

இலக்கிய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் நூல்களையே சான்றாகக் கொள்வர். திங்கள்தோறும் வெளிவந்து, படித்தபின் பழைய தாளாக எடைக்குப் போன மலிவிதழ்கள் அவர்தம் நோக்கிற்குப் புறம்பானவை. அவ்விதழ்களைப் பற்றி வாசகரே எழுதி வெளியிட்ட ஏடுகளோ இன்னும் புறத்தே நிற்பன. அத்தகைய ஏடு ஒன்றின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டில் 1896-இல் 'ஆர்கோசி' என்னும் இதழ் மரக்கூழாலாகிய மட்டத்தாளில் அச்சாகத் தொடங்கியது. அதன் வழிவந்த கதையிதழ்கள் தாளின் பெயராலேயே 'பல்ப்' எனப்பட்டன. 1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரிஸ்' வாசகர் கடிதங்களை அவர்தம் முழு முகவரியோடு வெளியிட்டது. சிறு செயல்தான், ஆயினும் விளைவு பெரிது. ஆசிரியருக்கு எழுதியோர் தமக்குள்ளும் எழுதிக்கொள்ளலாயினர். கழகங்கள் தோன்றின; 1930-இல் 'தி காமெட்' என்னும் ஏடு பிறந்தது. 'ஃபேன்சின்' என்ற பெயர் இவ்வகை ஏடுகட்கு 1940-இல்தான் வாய்த்தது. நாம் 'அன்பர் ஏடு' என்று வழங்குவோம்.

இவற்றுள் நம் கருத்தை ஈர்ப்பது 'தி ஃபேண்டசி ஃபேன்'. 1933 செப்டம்பரில் இதனைத் தொடங்கிய சார்லஸ் ஹார்னிக்கிற்கு அப்போது வயது 17. முதல் இதழைக் கண்ட கெர்ன்ஸ்பேக், அவ்விளைஞரையே தம் 'வொண்டர் ஸ்டோரிஸ்' இதழின் நிருவாக ஆசிரியராக அமர்த்தினார். வாசகன் ஒருவன் ஒரே தாவலில் ஆசிரியன் ஆயினான். இவ்வேட்டின் 'கொதிநிலை' எனப் பொருள்படும் பகுதியில், கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தின் கதையொன்று அறிவியல் இதழில் இடம்பெறத் தக்கதா என்று ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்னும் இளம் வாசகர் பூசலைக் கிளப்பினார். லவ்கிராஃப்ட் உள்ளிட்ட எழுத்தாளரும் அதிற் கலந்துகொண்டனர். அப்பூசலில் நயத்தக்க நாகரிகம் மிகுதி என்று கூறவியலாது. எனினும், இலக்கிய வகைகளின் எல்லை பற்றி அக்கால வாசகர் எண்ணியதை அறிய அதனினும் நேரிய சான்று அரிது.

அச்சவுணர்ச்சிக் கதைகளைப் பற்றி லவ்கிராஃப்ட் எழுதிய நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை, 1927-இல் 'தி ரெக்லூஸ்' என்னும் மற்றோர் அன்பர் ஏட்டில் முதற்கண் வெளிவந்தது. திருத்திய வடிவை ஹார்னிக் தொடராக வெளியிட்டார். 18 இதழ்களோடு 1935 பிப்ரவரியில் ஏடு நின்றுவிடவே, கட்டுரை எட்டாம் இயலின் இடையிலேயே அறுபட்டது. அதன் முழுவடிவம் ஆசிரியர் மறைவிற்குப்பின், 1939-இல்தான் நூலேறிற்று.

தமிழகத்திலும் மாணவர் கையெழுத்து ஏடுகள் இருந்தன. மு. கருணாநிதி திருவாரூரில் நடத்திய 'மாணவ நேசன்' யாவரும் அறிந்தது. ஆனால் அவ்வேடுகளுட் பல தம் எழுத்தையும் கொள்கையையும் வெளியிட எழுந்தனவேயன்றிப் பிறர் கதைகளை ஆராய எழுந்தனவல்ல. திருப்பூரில் சுப்ரபாரதிமணியனின் 'கனவு' போன்ற சிற்றிதழுக்கு இலக்கிய வரலாற்றில் இடமுண்டு. அவ்வூர் இராயபுரம் போன்ற பகுதிகளில், பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து 'ராணி முத்து', 'மாலைமதி', 'க்ரைம் நாவல்' ஆகியவற்றைப் படித்தோர் அவை பற்றி என்ன எண்ணினர் என்பதற்குச் சான்று யாது? அவ்விதழ்களில் அச்சான கடிதங்களே எஞ்சும். அவையும் இதழோடு எடைக்குப் போயின.

இழப்பு வாசகர் கருத்தோடு நிற்பதன்று. கோவை ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. மறுபதிப்பில் முதல் வெளியீட்டின் ஆண்டு இல்லையேல், அவற்றின் காலவரிசையை எங்ஙனம் துணிவது? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராய்த் திரட்டியமையாலன்றோ, 1994 முதல் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் சென்னையில் நமக்குக் கிட்டியது! மாத நாவல்களுக்கும் அவ்வகை ஆர்வலர் சிற்றூர்களில் இருத்தல் கூடும். கள ஆய்வு செய்யும் மாணவர் அவர்களை நாடிச் சென்று, அட்டையில் உள்ள திங்களையும் ஆண்டையும், உள்ளே உள்ள கடிதங்களையும் முதலிற் படியெடுத்துக்கொள்ளல் வேண்டும். கதைச் சுருக்கம் பின்னர் எழுதலாம்.