காட்டோடையின் சின்ன மீன்கொத்தி

கிணற்றடியிலும் வயல் வரம்பிலும் மின்கம்பியிலும் வந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியை அறியாதவர் நம்மில் இல்லை. அதே இனத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பறவை காட்டுக்குள் வாழ்கிறது. அதைக் கண்டவர்கள் குறைவு. சிலர் கண்டும் பெரியதன் குஞ்சென்று எண்ணிவிடுவர். பெரும்பாலான மீன்கொத்திகளுக்குக் காலில் நான்கு விரல்கள், இதற்கு மூன்றுதான். ஆகவே மூன்றுவிரல் மீன்கொத்தி என்போம்.

அலகையும் சேர்த்து நீளம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர். நிறை 20 கிராம் அளவே. வயிறு மஞ்சள், முதுகு கருநீலம், தலையில் ஊதாச் சாயல், அலகும் காலும் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் நிழலில் அசையாதிருந்தால் கண்ணுக்குப் படாது. கூரிய குரல் கேட்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் நீருக்கு மேலாகத் தாழப் பறந்து மறைந்துவிடும்.

பெயர் மீன்கொத்தி என்றாலும் மீன் மட்டும் இதன் உணவல்ல. பூச்சி, சிலந்தி, சிறு தவளை, சிறு நண்டு, பல்லி எல்லாம் தின்னும். பிடித்ததைக் கிளையில் அடித்துக் கொன்றபின் விழுங்கும்.

இலங்கையில் சிங்கராசக் காட்டிலும் கித்துல்கலைப் பகுதியிலும் இதைக் காணலாம். உலர் வலயத்திலும் மரநிழல் அடர்ந்த ஓடைகளில் உண்டு. இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை முதல் மியன்மார், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா வரை பரந்திருக்கிறது. கொங்கணக் கரைக்கு யூன் மாத மழையோடு வந்து குஞ்சு பொரிக்கும். மலாயாவில் சில பறவைகள் இரவில் இடம்பெயர்கையில் விளக்கெரியும் கட்டடங்களில் மோதி இறப்பதும் உண்டு.

கூடு கட்டுவதில்தான் நமக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. மரத்தில் கட்டாது. ஓடையின் செங்குத்தான மண்கரையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து சுரங்கம்போல் ஒரு பொந்து குடையும். சில பொந்துகள் ஒரு மீற்றர் வரை உள்ளே செல்லும். அதன் முடிவில், ஒன்றும் பரப்பாத மண்ணில், நாலைந்து முட்டைகள். அடைகாக்க ஏறத்தாழ 17 நாள், குஞ்சுகள் வெளியேற மேலும் 20 நாள் அளவு.

புதிய காணியைத் துப்புரவாக்கும்போது ஓடைக்கரையையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். நிழல் போனால் பறவையும் போகும். வேர் போனால் அடுத்த மழையில் கரையும் இடிந்து காணிக்குள் வரும். அது நமக்கே நட்டம். கரையோரத்தில் சில யார் அகலத்துக்கு மரங்களையும் பற்றையையும் விட்டுவைக்கலாம். பொந்தின் வாயில் புதுமண் சரிந்திருந்தால் உள்ளே பறவை இருக்கக்கூடும். பிள்ளைகள் தடியை விட்டுக் கிளறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.