மணல்மேட்டில் ஒளிந்திருந்த புழு

நெதர்லாந்தின் கடலோரப் புல்லில் சிக்கிய நூற்புழு விவசாயத்துக்கும் பாடம் சொல்கிறது

பார்ப்பதற்கு வெறும் புல். நெதர்லாந்துக்கோ அது கரைக் காவல். அந்நாட்டு நிலத்தில் கால் பங்குக்கும் மேல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வடகடலைத் தடுத்து நிற்கும் மணல்மேடுகளைத் தம் வேர்களால் கட்டிவைத்திருப்பவை மேரம், சாண்ட் கவுச் போன்ற புற்கள்.

மேரம் புல்லுக்கு ஒரு விசித்திர குணம். காற்று அள்ளிவரும் மணல் ஆண்டுதோறும் மூடினால் செழிக்கும். மணல் வரத்து நின்றால் நலியும். காரணம் மண்ணுக்குள் இருந்தது. விம் வான் டெர் புட்டனும் சகாக்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, மண்ணில் வாழும் நோய்க் காரணிகளைக் கைகாட்டியது. சந்தேகப் பட்டியலில் பூஞ்சைகளோடு நூற்புழுக்களும் இருந்தன. புதுமணலில் வேர்விட்டு அவற்றிடமிருந்து தப்பிக்கிறது புல்.

எந்தப் புழு என்பதில்தான் சிக்கல். வேர்முடிச்சு நூற்புழுவின் குஞ்சு பொதுவாக அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வேருக்குள் புகுந்த பெண் புழு பேரிக்காய் போல உப்பி, அங்கேயே தங்கிவிடும். இனத்துக்கு இனம் வித்தியாசம் சொற்பம். எனவே பெண் புழுவின் பின்பகுதியை வெட்டியெடுத்து, அதிலுள்ள வரிகளை நுண்ணோக்கியில் கைரேகை போலப் படிக்கிறார்கள். 1949இல் அமெரிக்க விஞ்ஞானி சிட்வுட் இனம் பிரிக்கக் கையாண்ட வழி இது. வரிகள் மட்டும் போதாது. வாயிலுள்ள ஊசியின் வடிவம், குஞ்சின் வால், மின்புலத்தில் நொதிகள் நகரும் விதம் எல்லாம் ஒத்துப்பார்க்கப்படுகின்றன.

இப்படித்தான் சாண்ட் கவுச் வேரில் இருந்தது புதிய இனம் என்று 1998இல் கார்சன், வான் ஆல்ஸ்ட், வான் டெர் புட்டன் மூவரும் நிறுவினர். பெயர்: மெலாய்டோகைன் டூய்ட்சி. மேரம் புல்லைத் தாக்கும் மாரிட்டிமா அதன் பக்கத்து வீட்டுக்காரர். 1987இல் பெயர் பெற்ற அந்த இனமும் 1998இல் மீண்டும் விரிவாக விவரிக்கப்பட்டது.

பெயர் வைப்பதால் யாருக்கு லாபம்? தக்காளியில் உள்ள 'எம்ஐ' என்ற எதிர்ப்பு மரபணு, பரவலான மூன்று வேர்முடிச்சு இனங்களைத் தடுக்கிறது. எண்டரோலோபி என்ற இனத்திடம் அதன் ஜம்பம் பலிப்பதில்லை. தமிழ்நாட்டின் கொய்யாத் தோப்புகளைப் பதம் பார்ப்பதும் இதே எண்டரோலோபிதான். வேரில் தெரியும் முடிச்சை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் சொல்ல முடியாது. புழுவின் பெயர் தவறினால் விதைக்குப் போட்ட பணமும் மண்ணோடு போகும்.